கதவடைத்த எளிமை – பிரான்சின் சிறிய திரியனோன் மாளிகை

பிரான்சு நாட்டிற்குச் செல்லும் வாய்ப்பைப் பெற்றவர்கள், பாரிஸ் மாநகருக்குத் தென்மேற்கே சுமார் 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள வெர்செயில்ஸ் அரண்மனையைக் காணாமல் திரும்புவது அரிது. கண்ணாடி மண்டபத்தையும், பொன்முலாம் பூசிய வாயில்களையும், எல்லையற்று விரியும் தோட்டத்தையும் கண்டு வியந்து, கால் ஓய்ந்து, அத்துடன் பேருந்தைத் தேடிப் போய்விடுவோரே மிகுதி.

அன்பு வாசகர்களே! உங்களுக்கு என்றேனும் அங்குச் செல்ல நேர்ந்தால், சற்றே பொறுமை காட்டுங்கள். அரண்மனைத் தோட்டத்தின் வழியே ஏறத்தாழ அரைமணி நேரம் வடமேற்கு நோக்கி நடந்தால், மரங்களுக்கிடையே வெளிர்நிறக் கல்லால் ஆன ஒரு சிறிய மாளிகை தென்படும். கோபுரம் இல்லை; குவிமாடம் இல்லை; கூரையின் மேல் சிலைகள் இல்லை. நான்கு புறமும் அளவெடுத்து வெட்டிய பெட்டியைப் போன்று அமைதியாக நிற்கும். 'பெத்தி திரியனோன்', அதாவது சிறிய திரியனோன், என்பது அதன் பெயர். ஆரவாரமற்ற இந்தச் சிறு மாளிகைதான் புரட்சிக்கு முந்தைய பிரான்சின் கடைசி அரசிக்குப் பெரும் பழியைத் தேடித் தந்தது என்றால் நம்புவது கடினம். எளிமையான ஒரு வீடு எவ்வாறு ஒருவருக்குப் பகையாகும்? அதைத்தான் இக்கட்டுரையில் காணவிருக்கிறோம்.

அழிந்த ஊரின் பெயர்

திரியனோன் என்பது முதலில் ஓர் அரண்மனையின் பெயரன்று. ஒரு சிற்றூரின் பெயர். 1668-ஆம் ஆண்டளவில் பதினான்காம் லூயி மன்னர் தமது தோட்டத்தை விரிவாக்குவதற்காக அவ்வூரை விலைக்கு வாங்கி, வீடுகளையும் ஆலயத்தையும் இடித்து அகற்றினார். 1670-இல் அவ்விடத்தில் நீலமும் வெண்மையுமான பீங்கான் ஓடுகள் பதித்த ஒரு களிமாளிகை எழுந்தது. குளிருக்கும் மழைக்கும் அந்த ஓடுகள் தாக்குப்பிடிக்கவில்லை. 1687-இல் அதனை நீக்கிவிட்டு, ஆர்துவான் மான்சார் என்னும் கட்டடக் கலைஞரைக் கொண்டு இளஞ்சிவப்புப் பளிங்குத் தூண்கள் நிறைந்த பெரிய திரியனோன் மாளிகையை எழுப்பினார் மன்னர். ஊர் போயிற்று, பெயர் மட்டும் நிலைத்தது. இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் மீண்டும் தேவைப்படும்.

அவருக்குப் பின் வந்த பதினைந்தாம் லூயிக்குத் தாவரங்களின் மீது பெரும் நாட்டம் இருந்தது. பெரிய திரியனோனுக்குக் கிழக்கே அவர் ஒரு தாவரத் தோட்டத்தை உருவாக்கினார். கிளாத் ரிஷார் என்னும் தோட்டக் கலைஞர் அதனைப் பராமரித்தார். வெப்பம் ஊட்டப்பட்ட கண்ணாடிக் கூடங்களில் அன்னாசியும் காப்பிச் செடியும் வளர்ந்தன. 1759-இல் பெர்னார் தெ ஜுசியோ என்னும் அறிஞர், உருவ ஒற்றுமையின் அடிப்படையில் செடிகளைக் குடும்பம் குடும்பமாக அங்கே வரிசைப்படுத்தினார். அவருடைய சகோதரர் மகன் அந்த முறையை வளர்த்து 1789-இல் நூலாக வெளியிட்டார். நம் பிள்ளைகள் பள்ளிப் பாடத்தில் 'தாவரக் குடும்பம்' என்று படிக்கிறார்களே, அதன் வேர்களில் ஒன்று இந்தத் திரியனோன் மண்ணில் ஊன்றியது.

நான்கு முகங்கள் கொண்ட வீடு

இந்தத் தோட்டத்தின் நடுவே தங்குவதற்கு ஒரு சிறு மாளிகை வேண்டும் என்ற யோசனை, மன்னரின் நெருங்கிய தோழியான மதாம் தெ பொம்பதூர் என்னும் சீமாட்டியிடமிருந்து தோன்றியது. அரசின் தலைமைக் கட்டடக் கலைஞர் ஆன்ழ் ழாக் கப்ரியேல் அதனை வடிவமைத்தார். 1762-இல் தொடங்கிய பணி 1768-இல் நிறைவுற்றது. ஆனால் அந்தச் சீமாட்டி 1764-ஆம் ஆண்டிலேயே இறந்துவிட்டார். தாம் கேட்ட வீட்டின் கூரையை அவர் காணவில்லை.

அக்காலத்தில் ஐரோப்பியக் கட்டடக் கலையில் ஒரு திருப்பம் நிகழ்ந்துகொண்டிருந்தது. அதற்கு முன் வளைவும் நெளிவும், சிப்பியும் சுருளும், எங்கு நோக்கினும் பொன்னுமாக இருந்த அலங்காரம் சலிப்பூட்டத் தொடங்கியது. இத்தாலியில் எரிமலைச் சாம்பலில் புதைந்து கிடந்த ஹெர்குலேனியம் நகரில் 1738-இலும், பொம்பெயி நகரில் 1748-இலும் அகழ்வுப் பணிகள் தொடங்கின. பண்டைய கிரேக்க, ரோமானியக் கட்டடங்களின் நேர்கோடும் அளவும் கலைஞர்களை மீண்டும் ஈர்த்தன. அந்தப் பழைமையைப் புதுப்பித்த பாணியே 'நவசெவ்வியல்' எனப்படுகிறது. சிறிய திரியனோன் அப்பாணியின் மிகச் சிறந்த எடுத்துக்காட்டுகளுள் ஒன்றாக இன்றளவும் போற்றப்படுகிறது.

நீங்கள் அங்குச் சென்றால், உள்ளே நுழைவதற்கு முன் மாளிகையை ஒருமுறை வலம் வந்து பாருங்கள். சதுர வடிவக் கட்டடந்தான். ஒவ்வொரு புறமும் ஐந்தைந்து சாளரங்கள்தாம். ஆயினும் நான்கு முகங்களும் ஒன்றுபோல் இல்லை. மேற்கே, மன்னர் பெரிதும் விரும்பிய பிரெஞ்சுத் தோட்டத்தை நோக்கிய முகப்பில், கொரிந்தியப் பாணியில் நான்கு முழுத் தூண்கள் சுவரிலிருந்து விலகி எழுந்து நிற்கும். தெற்கிலும் வடக்கிலும் அதே தூண்கள் தட்டையாகச் சுவரோடு ஒட்டியிருக்கும். கிழக்கே தாவரத் தோட்டத்தை நோக்கிய புறத்தில் தூண்களே இல்லை. வெறும் சுவரும் சாளரங்களுமே. எந்தப் பக்கம் எவ்வளவு மதிப்புடையதோ அந்தப் பக்கத்திற்கு அவ்வளவே அலங்காரம் என்பது கப்ரியேலின் கணக்கு. நிலத்தின் சரிவையும் அவர் வீணாக்கவில்லை. தெற்கு முற்றத்திலிருந்து நோக்கினால் மூன்று தளங்கள் தெரியும். மேற்குத் தோட்டத்திலிருந்து நோக்கினால் இரண்டே தளங்கள்; பணியாளர்கள் உழைக்கும் கீழ்த்தளம் மண்மேட்டின் பின்னே மறைந்துவிடும்.

பணியாளர்கள் கண்ணில் படக்கூடாது என்பது அந்த வீட்டின் ஆசைகளில் ஒன்றாகவே இருந்தது. உணவு பரிமாறப்பட்ட மேசை கீழ்த்தளத்துச் சமையற்கட்டிலிருந்து இயந்திரத்தால் அப்படியே மேலெழுந்து உணவறைக்கு வரவேண்டும் எனத் திட்டம் தீட்டப்பட்டது. செலவு மிகுதியாகும் என்பதால் அது நிறைவேறவில்லை. உள்ளே சுவர்களை மூடிய மரப்பலகைகளில் மலர்களும் கனிகளும் செதுக்கப்பட்டிருப்பதைக் காணலாம். வெளியே வளரும் தோட்டத்தையே வீட்டிற்குள்ளும் கொணர்ந்த வேலைப்பாடு அது.

1774 ஏப்ரல் இறுதியில் இம்மாளிகையில் தங்கியிருந்தபோதுதான் பதினைந்தாம் லூயிக்கு நோய் கண்டது. அது பெரியம்மை. மே 10-ஆம் நாள் வெர்செயில்ஸ் அரண்மனையில் அவர் உயிர் பிரிந்தது.

அழைப்பின்றி நுழையாதீர்

புதிய மன்னர் பதினாறாம் லூயி, அவ்வாண்டே அந்த மாளிகையைத் தம் மனைவி மேரி அந்துவானெத்துக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார். அரசிக்கு அப்போது வயது 18. ஆஸ்திரிய அரச குடும்பத்திலிருந்து 14 வயதில் மருமகளாக வந்தவர் அவர். வெர்செயில்ஸில் அரசி துயிலெழுவதும், ஆடை அணிவதும், உண்பதும் பிறர் கண்முன்னே நடக்கும் சடங்குகள். எந்தச் சீமாட்டி உள்ளாடையை எடுத்துக் கொடுப்பது என்பதற்குக்கூட வரிசை முறை இருந்தது. அத்தகைய வாழ்வில் சிக்கிய ஓர் இளம் பெண், தன் விருப்பப்படி மூச்சு விடுவதற்கு ஓர் இல்லம் வேண்டுமென ஏங்கியதைக் குறை கூற மனம் வருவதில்லை.

திரியனோனில் எல்லாமே வேறு விதம். ஆணைகள் மன்னர் பெயரால் அல்லாமல் அரசியின் பெயரால் பிறப்பிக்கப்பட்டன. அவர் கூடத்திற்குள் நுழைந்தால் எவரும் எழுந்து நிற்க வேண்டியதில்லை. பெண்கள் தம் தையல் வேலையையும் ஆடவர் தம் ஆட்டத்தையும் தொடரலாம். ஆனால் அழைப்பில்லாமல் எவரும் உள்ளே வரலாகாது. மன்னரே அங்கு விருந்தினர்தான். அரசியின் சிற்றறையில் ஒரு விந்தையான பொறி அமைக்கப்பட்டது. கைப்பிடியைச் சுழற்றினால் தரையடியிலிருந்து பெரிய கண்ணாடிகள் மேலெழுந்து சாளரங்களை மூடிவிடும். வெளியிலிருந்து எவரும் உள்ளே பார்க்க இயலாது. இப்பொறி மீண்டும் அமைக்கப்பட்டு, இன்றும் அங்கு இருக்கிறது. அதன்முன் நிற்கும்போது, அந்த வீட்டின் வரலாறு முழுவதும் அப்பொறிக்குள் அடங்கியிருப்பதாகத் தோன்றும்.

இந்தக் கதவடைப்பினால் முதலில் புண்பட்டவர்கள் ஏழைகள் அல்லர், பெருங்குடிப் பிரபுக்களே. அரசியை அணுகுவது தம் பரம்பரை உரிமை எனக் கருதியிருந்த குடும்பங்கள், ஒரு சில நண்பர்களுக்கு மட்டுமே திறந்த வாயிலின் முன் நின்றன. "உள்ளே என்னதான் நடக்கிறது?" என்ற கேள்வி எழுந்தது. விடை தெரியாதவர்கள் தாமே விடையைக் கற்பித்துக்கொண்டார்கள். பாரிஸ் வீதிகளில் விற்கப்பட்ட அவதூறுப் பிரசுரங்களுக்குச் சரக்கு அரண்மனை மாடங்களிலிருந்தே சென்றது.

செலவு செய்து வாங்கிய எளிமை

அரசி அந்தத் தாவரத் தோட்டத்தை அகற்றினார். அரிய செடிகள் பாரிஸிலுள்ள அரசத் தோட்டத்திற்கு அனுப்பப்பட்டன. அவ்விடத்தில் ஆங்கிலப் பாணித் தோட்டம் உருவாயிற்று. நேர்கோட்டுப் பாதைகளுக்குப் பதிலாக வளைந்த ஓடையும், மேடும், சிறு ஏரியும், இயற்கையாகவே அமைந்தவை போன்று செயற்கையாக அமைக்கப்பட்டன. ரிஷார் மிக் என்னும் கட்டடக் கலைஞர், 1778-இல் ஓடை நடுவே பன்னிரண்டு தூண்கள் தாங்கும் வட்ட மண்டபத்தை எழுப்பினார். 1780-இல் ஒரு சிறு நாடக அரங்கும் கட்டப்பட்டது. அதன் உட்புறத்தில் பளிங்குபோல் தோன்றுவது வண்ணப்பூச்சு. சிற்பம்போல் தோன்றுவது காகிதக் கூழ். அந்த மேடையில் அரசியே பணிப்பெண் வேடமும் கிராமத்துப் பெண் வேடமும் தாங்கி நடித்தார்.

1783-இல் ஏரிக்கரையில் அரசியின் 'சிற்றூர்' எழத் தொடங்கியது. நார்மண்டிப் பகுதியின் குடிசைகளைப் போல வைக்கோல் கூரைகள், மரச்சட்டங்கள், சுற்றிலும் முட்டைக்கோசுப் பாத்திகள். புதுச் சுவர்கள் பழையனவாகத் தோன்ற வேண்டும் என்பதற்காக வெடிப்புகளும் சிதைவுகளும் வண்ணத்தால் தீட்டப்பட்டன. ஓடை நீர் ஆலையின் சக்கரத்தைச் சுழற்றும். உள்ளே மாவரைக்கும் கல் இல்லை. அரசியின் வீடு வெளியே குடிசை. உள்ளே உயர்தர மரச்சாமான்கள். பால் அருந்தும் கூடத்தில் பளிங்கு மேசைகள்.

இங்கே நாம் நியாயம் தவறக்கூடாது. அரசி தாமே மாடு கறந்து விளையாடினார் என்பது பிற்காலக் கட்டுக்கதை. பண்ணை உண்மையான பண்ணை. தூரேன் பகுதியிலிருந்து வந்த ஓர் உழவர் அதனை நடத்தினார். அங்கு விளைந்தவை அரச குடும்பத்தின் உணவுக்குச் சென்றன. தம் குழந்தைகள் வயலையும் கால்நடைகளையும் அறிந்து வளர வேண்டும் என்பதும் அத்தாயின் எண்ணம். ஆயினும் ஒரு முரண் நெஞ்சை உறுத்தத்தான் செய்கிறது. ஒரு மன்னர் உண்மையான ஊர் ஒன்றை இடித்துத் தோட்டம் அமைத்தார். ஒரு நூற்றாண்டுக்குப் பின் அதே தோட்டத்தில் ஓர் அரசி பொய்யான ஊர் ஒன்றைக் கட்டி அமைதி தேடினார்.

உடையிலும் இதே கதை நிகழ்ந்தது. திரியனோனில் அரசி பகட்டான பட்டாடைகளை விடுத்து, வெண்ணிற மஸ்லின் துணியாலான இலேசான அங்கி அணிந்தார். அந்தக் கோலத்தில் எலிசபெத் விழே லெ பிரன் என்னும் பெண் ஓவியர் தீட்டிய படம் 1783-இல் பாரிஸ் கண்காட்சியில் வைக்கப்பட்டபோது, அரசி உள்ளாடையுடன் காட்சி தருகிறார் என்று கண்டனம் எழுந்தது. உள்நாட்டுப் பட்டு நெசவைப் புறக்கணித்து அயல்நாட்டுத் துணியை அணிகிறார் என்றும் குறை கூறினர். படம் அகற்றப்பட்டது. பகட்டாக உடுத்தினால் ஊதாரி; எளிமையாக உடுத்தினால் கண்ணியம் குறைந்தவர்! ஒருவர் மீது நம்பிக்கை போய்விட்டால், அவர் செய்யும் எதுவும் நல்லதாகத் தோன்றுவதில்லை.

புதுவையிலிருந்து புறப்பட்ட தூதுவர்கள்

இந்த வரலாற்றில் நமக்கு நெருக்கமான ஓர் அத்தியாயமும் உண்டு. தீரர் திப்பு சுல்தான் பிரெஞ்சு மன்னரிடம் அனுப்பிய தூதுக்குழு, 1787 ஜூலையில் புதுச்சேரியிலிருந்து கப்பலேறியது. முஹம்மது தர்வேஷ் கான், அக்பர் அலீ கான், முஹம்மது உஸ்மான் கான் ஆகிய மூவரும் அக்குழுவின் தலைவர்கள். 1783-இல் கடலூரில் ஆங்கிலேயருடன் போரிட்டுக்கொண்டிருந்த பிரெஞ்சுப் படை, ஐரோப்பாவில் சமாதானம் ஏற்பட்ட செய்தி வந்ததும் போரை நிறுத்திக்கொண்டது. திப்பு தனித்து விடப்பட்டார். அத்தகைய நிலை மீண்டும் வராதிருக்க, உறுதியான உடன்படிக்கை ஒன்றை அவர் நாடினார். கைவினைஞர்களையும், மலர்ச் செடிகளின் விதைகளையும்கூடக் கேட்டிருந்தார்.

ஏறத்தாழ ஓராண்டு பயணத்துக்குப் பின் 1788 ஜூனில் தூலோன் துறைமுகத்தில் இறங்கிய அவர்களை, ஆகஸ்டு 10-ஆம் நாள் வெர்செயில்ஸ் அரண்மனையின் ஹெர்குலிஸ் மண்டபத்தில் பதினாறாம் லூயி அரச மரியாதையுடன் வரவேற்றார். அவர்களைக் காணப் பெருங்கூட்டம் திரண்டது. அரசியை மஸ்லின் அங்கியில் தீட்டிய அதே ஓவியர், தர்வேஷ் கானை வெண்ணிற உடையும் வாளுமாக முழு உருவத்தில் தீட்டினார். அப்படம் 1789-ஆம் ஆண்டுக் கண்காட்சியில் இடம்பெற்றது.

ஆனால் காலத்தைக் கவனியுங்கள். தூதுவர்கள் அவைக்கு வருவதற்கு இரண்டு நாட்களுக்கு முன்புதான், நிதி நெருக்கடி முற்றி, நாட்டின் பிரதிநிதிகள் சபையைக் கூட்டுவதாக மன்னர் அறிவித்திருந்தார். அவர்கள் வந்து ஆறே நாட்களில், ஆகஸ்டு 16 அன்று, அரசுக் கருவூலம் தன் கொடுப்பனவுகளை நிறுத்தியது. உதவி கேட்டு வந்தவர்களின் முன் வீற்றிருந்தவர், தம்மையே காத்துக்கொள்ள இயலாதவர். பீங்கான் பரிசுகளும் சில கைவினைஞர்களும் கிடைத்தனர், படையுதவி கிடைக்கவில்லை. 1799 மே 4-ஆம் நாள் ஸ்ரீரங்கப்பட்டணத்தின் கோட்டையில் திப்பு வீரமரணம் எய்தியபோது, அந்த பிரெஞ்சு மன்னர் கொல்லப்பட்டு ஆறாண்டுகள் கடந்திருந்தன.

வைர அறை எங்கே?

1789 மே மாதம் நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் பிரதிநிதிகள் வெர்செயில்ஸில் கூடினர். அவர்களில் பலர் சிறிய திரியனோனைப் பார்க்க விரும்பினார்கள். அரசியின் பணிப்பெண்ணாக இருந்த மதாம் கம்பான் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியுள்ளபடி, வீட்டின் எளிமையைக் கண்டு அவர்கள் நம்ப மறுத்தனர். சிறு அறைகளையெல்லாம் திறந்து காட்டச் சொன்னார்கள். வைரங்கள் பதித்த அறை ஒன்றும், நீலமும் மாணிக்கமும் இழைத்த முறுக்குத் தூண்களும் அங்கு ஒளித்து வைக்கப்பட்டிருப்பதாக அவர்கள் கேள்விப்பட்டிருந்தனர். அப்படி ஓர் அறை இல்லவே இல்லை. அதைச் சொன்னபோதும் அவர்கள் நம்பவில்லை.

உண்மையில் பிரான்சைக் கடனில் மூழ்கடித்தது திரியனோன் அன்று. 1788-ஆம் ஆண்டின் அரசுச் செலவில் ஏறத்தாழப் பாதி கடன் சுமைக்கே போயிற்று. அக்கடனில் பெரும்பகுதி அமெரிக்கப் போர் உள்ளிட்ட போர்களினால் வந்தது. அரசவைக்கான செலவு ஏறத்தாழ 6 விழுக்காடுதான். ஆனால் பசித்த மக்கள் கணக்கேட்டைப் படிப்பதில்லை. ரொட்டியின் விலை ஏறிக்கொண்டிருந்த நாட்டில், பூட்டிய வாயிலுக்குப் பின்னால் ஓர் அரசி குடிசை கட்டி விளையாடுகிறார் என்பது அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. திறந்திருந்த கதவு எளிமையைக் காட்டியிருக்கும்; அடைத்த கதவோ வைரங்களைக் கற்பனை செய்ய வைத்தது.

1789 அக்டோபர் 5-ஆம் நாள் அரசி திரியனோன் தோட்டத்தில் இருந்தபோது, பாரிஸிலிருந்து பெண்கள் திரளாக ரொட்டி கேட்டு வந்துகொண்டிருக்கிறார்கள் என்ற செய்தி வந்தது. அவர் உடனே அரண்மனைக்கு விரைந்தார். மறுநாள் அரச குடும்பம் பாரிஸுக்குக் கொண்டு செல்லப்பட்டது. அவர் மீண்டும் திரியனோனைக் காணவில்லை. 1793-இல் மாளிகையின் பொருள்கள் ஏலம் விடப்பட்டன. அதன்பின் சில காலம் அது உணவு விடுதியாகவும் இருந்தது. சிற்றூரைக் கட்டிய மிக் 1794-இல் தம் மகனுடன் கொலைக்களம் சென்றார்.

இன்று அந்த வாயில் அனைவருக்கும் திறந்திருக்கிறது. 1979 முதல் வெர்செயில்ஸ் அரண்மனையும் பூங்காவும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாக விளங்குகின்றன. 2008-இல் சிறிய திரியனோன் விரிவாகச் செப்பனிடப்பட்டது. திங்கட்கிழமைகளில் விடுமுறை; மற்ற நாட்களிலும் நண்பகலில்தான் திறப்பார்கள் என்பதால், காலையில் அரண்மனையைப் பார்த்துவிட்டுச் செல்வது நலம். குழந்தைகளுடன் செல்வோர் சிற்றூர்ப் பண்ணையிலுள்ள ஆடு மாடுகளைக் காட்டத் தவறாதீர்கள்.

பின்னர் பாரிஸ் திரும்பியதும், நகரின் நடுவேயுள்ள கொன்கோர்த் சதுக்கத்தில் சற்று நில்லுங்கள். வடபுறத்தில் இரண்டு பெரிய கட்டடங்கள் இணையாக நிற்கும். அவற்றின் முகப்பில் திரியனோனில் நீங்கள் கண்ட அதே கொரிந்தியத் தூண்களின் வரிசை. வியப்பில்லை, சதுக்கத்தையும் அக்கட்டடங்களையும் வடிவமைத்தவர் அதே கப்ரியேல்தான். அவர் 1782-இல் காலமானார். 1793 ஜனவரி 21 அன்று மன்னரின் தலையும், அக்டோபர் 16 அன்று அரசியின் தலையும் வெட்டப்பட்டது அந்தச் சதுக்கத்திலேதான். ஒரே கலைஞரின் கைவண்ணத்தில் ஒன்று, எவரும் நுழையாமல் அடைத்த வீடு. மற்றொன்று, எல்லோரும் வந்து கூடும் வெளி. முதலாவதில் மக்களைக் காணாதிருந்த அரசி, இரண்டாவதில்தான் அவர்களை நேருக்கு நேர் கண்டார்.